தலையணையை வெளியே எறிந்த லில்லி

செவ்வாய்க்கிழமை காலையில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். முதியோர் சென்டரில் மேற்பார்வை பார்க்கும் ராஜமணி அண்ணன் போனில் கூப்பிட்டார். "டீச்சரே, லில்லி போயிட்டா" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. "எங்க வச்சு?" என்றுதான் கேட்டேன். "சென்டர்லதான், கட்டில்ல" என்றார். போனை வைத்துவிட்டு மிச்சக் கிழங்கையும் சீவி முடித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

கோட்டாறு முழுக்க ஒட்டியிருக்கும் அஞ்சலி போஸ்டரில் சென்டர்க்காரர்கள் நீங்கள் 'முதியோர் இல்லத்தின் அன்னை' என்று போட்டிருக்கிறீர்கள். போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த லில்லி அதைப் பார்த்திருந்தால் கிழித்து எறிந்திருப்பாள். அந்த லில்லியைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், நான் பள்ளிக்கூடத்திலிருந்து. சுனாமிக்கு மறு வருஷம், பிரஷர் மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமானோம். போகிற நாளெல்லாம் அங்கே அதே முகங்கள்: கடற்கரையில் மீன் விற்ற பெண்கள், சுசீந்திரத்து வயல்காரர்கள், கடையை மகன் கையில் கொடுத்துவிட்ட வியாபாரிகள். "இதுவளுக்கு நோய் ஒண்ணும் இல்லட்டி. பேச ஆளு இல்ல, அதான் டாக்டரப் பாக்க வருதுவ" என்றாள் லில்லி. அடுத்த மாதமே, பூட்டிக் கிடந்த ஒரு பழைய ரேஷன் கடைக் கட்டடத்தைக் கேட்டு வாங்கிவிட்டாள். ஒரு பெஞ்சு, ஒரு பேப்பர், ஐந்து பேர். பகலில் மட்டும் வந்து போகும் சென்டராக அப்படித்தான் தொடங்கினோம்.

மூன்றே வருஷத்தில் நாற்பது பேர் ஆனோம். கேரம் போர்டு வந்தது, படி ஏற முடியாதவர்களுக்குச் சரிவுப் பாதை வந்தது, மத்தியானம் கஞ்சியும் பயறும் வந்தது. வரக் கூடாதது என்று அவள் சொன்னது ஒன்றே ஒன்று, படுக்கை. மீன் மொத்த வியாபாரம் பார்த்த அந்தோணி அண்ணன், கஞ்சி குடித்ததும் கொஞ்சம் சாயலாமே என்று ஒருநாள் தலையணை கொண்டுவந்தார். லில்லி அதைப் பிடுங்கி கேட்டுக்கு வெளியே ரோட்டில் எறிந்தாள். "இண்ணைக்குத் தலையணை வரும், நாளைக்குப் பாய் வரும். பொறவு நம்ம பிள்ளைகளே நம்மளக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிரும், கேட்டீளா?" என்றாள். அந்தோணி அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

கோட்டாறு பாத்திரக் கடையில் ஒரு வெண்கலக் கைமணி வாங்கி வைத்திருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அதை ஆட்டிக்கொண்டு கேட்டில் நிற்பாள். "வீட்டுக்குப் போங்க. போயி லைட்டப் போடுங்க. ஆளு இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்." ஒருத்தரையும் விடமாட்டாள். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், பூட்டின வீட்டுக்குள் போக எனக்குப் பயம். ஒரு மாதம் தினமும் கூடவே நடந்து வந்தாள். சாவியை மட்டும் கையில் வாங்க மாட்டாள். "ஒனக்க வீட்ட நீயே தொற" என்பாள். நான் விளக்குப் போட்ட பிறகுதான் திரும்பிப் போவாள்.

அப்படிப்பட்டவள்தான் எனக்கு அதைச் செய்தாள்.

குளியலறையில் நான் இரண்டு தடவை விழுந்ததை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்துகொடுத்தாள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் சென்டருக்குப் போனேன். வடக்கு அறையில் நாலு இரும்புக் கட்டில், மெத்தை, தலையணை. முதல் கட்டிலில் ஒரு அட்டை கட்டியிருந்தது. அதில் என் பெயர்.

"பாபு மஸ்கட்ல இருந்து விளிச்சான்" என்றாள் லில்லி. பாபு என் மகன். "நீ விழுந்தத நான்தான் சொன்னேன். வீட்டப் பூட்டிட்டு அம்மைய அங்கேயே இருக்க வையுங்கோன்னான். நானும் செரின்னேன்."

"நீ யாருட்டி செரி சொல்ல? என்னட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ சம்மதிப்பியா? ராத்திரி ஒனக்கு என்னமாவது ஆனா நான் என்ன செய்வேன்?"

என் மகன் மேல்கூட எனக்கு அத்தனை கோபம் இல்லை. அவனுக்குத் தூரத்தில் இருந்து பயம். இவள் என்னை என் வாசல்வரை கூட்டிப்போய்த் திறக்க வைத்தவள். ஜன்னலில் இருந்த வெண்கல மணியை எடுத்துக்கொண்டேன். "இனி இது எதுக்கு? இங்க வீட்டுக்குப் போக ஆரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியேறினேன். அவள் தடுக்கவில்லை. பிறகு ஒருநாளும் மணியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

நாலு கட்டில் இருபது ஆயிற்று. கேரம் போர்டு இருந்த இடத்திலும் கட்டில்தான். பகலில் வந்து போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவள் இரண்டு தடவை ஆள்விட்டுக் கூப்பிட்டாள், நான் போகவில்லை. அதற்கப்புறம் நான் விழவும் இல்லை. விழுந்திருந்தாலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ராஜமணி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கல்யாணம் காட்சி இல்லாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தவள் லில்லி. தம்பி பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்றதும், போன வருஷம் சென்டருக்கே வந்துவிட்டாளாம். வடக்கு அறையில் முதல் கட்டில். சாயங்காலம் ஆனால் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்பாளாம். "இங்க ஏது மணி, படுங்க" என்று சொல்லிப் படுக்க வைப்பார்களாம்.

அவள் எனக்குச் செய்தது துரோகம்தான். செத்துப்போனாள் என்பதற்காக அதை வேறு பெயர் சொல்லி எழுத எனக்கு மனசில்லை. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோபமும், ஐந்தரைக்கு எழுந்து லைட்டைப் போடும் பழக்கமும்தான். இன்றைக்கும் போட்டேன். எங்களை எல்லாம் ஏழு வருஷம் வீட்டுக்கு அனுப்பியவள், ஒரு வருஷம் முழுக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். அந்த மணி என் அலமாரியில் இருந்தது.