பொறுமை வீடு

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துத் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன் நான். கோணி ஊசி பிடித்துப் பழகிய விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச்சில் எல்லோரும் வரிசையாகப் போய் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ரோஜாப்பூப் படமும் ஒரு பைபிள் வசனமும் போட்ட அட்டை. அந்த வருஷம் முழுவதும் அதுதான் அவர்களுக்கு வழிகாட்டும் வார்த்தை. நான் மட்டும் பெஞ்சியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். "ஏம்பா, நீ மட்டும் எடுக்க மாட்டேன்ற?" என்று இந்த வருஷமும் என் மகள் கேட்டாள். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சொல்லையும் என் அக்காவையும் பற்றியது இது. அந்தச் சொல் வந்த வருஷத்தில்தான் அக்கா செத்துப்போனாள்.

ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறந்த சமயம். எனக்கு ஏழு வயது இருக்கலாம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், தார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காலனி இருந்தது. ஒரு கூரைக் கட்டடம்தான் எங்களுக்குக் கோயில். மற்ற நாட்களில் அதுவே பள்ளிக்கூடம். ஜெபம் நடத்துகிற உபதேசியார்தான் வாத்தியாரும். அப்போது அட்டை எல்லாம் கிடையாது. காலனியில் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. முழு வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்குள் பாதி மறந்துபோகும். அதனால் உபதேசியார் ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு சொல் எழுதி, சுருட்டி, காணிக்கைத் தட்டில் போட்டுவைப்பார். வருஷப் பிறப்பன்று காலையில் வீட்டுக்கு ஒரு சீட்டு. அந்த வீட்டில் ஆகச் சின்ன பிள்ளைதான் எடுக்க வேண்டும். அவர் பிரித்துப் படித்துச் சொல்வார். பிறகு வீடு வீடாக வந்து, வாசற்கதவுக்கு மேலே சுண்ணாம்பால் அந்தச் சொல்லை எழுதிவிட்டுப் போவார்.

அதன் பிறகு வருஷம் பூராவும் அதுவே அந்த வீட்டுக்குப் பெயர். "நன்றி வூட்டுல நெருப்பு வாங்கிக்கினு வா" என்பார்கள். "சமாதானம் வூட்டுல இன்னிக்கும் ஒலக்கச் சண்ட" என்பார்கள். ஒரு வருஷம் என் மாமாவுக்கு 'உண்மை' வந்தது. பொங்கலுக்கு முன்னாடியே அவருக்கும் அவர் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

நான் எடுத்த சீட்டில் 'பொறுமை' என்று இருந்தது.

உபதேசியார் படித்ததும் கோயிலே சிரித்தது. காரணம் என் அப்பா. காலனியில் அவரைப் போல் கோபக்காரர் கிடையாது. பண்ணைக்காரர் வீட்டில் வண்டி ஓட்டுகிற படியாள் அவர். அதற்கு முந்தின அறுப்பில், கூலி நெல்லில் பதரைக் கலந்து அளந்தார் என்று பண்ணைக் கணக்கப்பிள்ளையை வரப்பிலிருந்து சேற்றில் தள்ளிவிட்டவர். அந்த முரட்டு மாட்டு ஜோடியை வேறு யாராலும் அடக்க முடியாது என்பதால்தான் பண்ணைக்காரர் அவரை விட்டுவைத்திருந்தார். அப்பாவின் கை எங்கள் முதுகுக்கும் தெரியும். அம்மாவின் முதுகுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"ஐயா, வேற சீட்டு மாத்திக் குடுங்க. இந்த வூடு தாங்காது" என்றார் மாமா.

"ஆளப் பாத்துத்தாம்பா ஆண்டவர் குடுக்கறாரு" என்றார் உபதேசியார்.

அப்பா முகம் கறுத்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் அக்காவின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வெச்சிக்கினு பாக்கறேன்" என்றார்.

நிஜமாகவே வைத்துக்கொண்டார். அதற்கு அக்காதான் காவல். அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும். யாருடைய நடையையும் அப்படியே நடந்து காட்டுவாள். உபதேசியார் கனைப்பது, கணக்கப்பிள்ளை சைக்கிளில் தொத்தி ஏறுவது எல்லாம் அவளுக்கு வரும். அப்பாவிடம் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். அப்பாவின் கை மேலே போனதும், "எப்பா, வார்த்த!" என்பாள். அவ்வளவுதான். உயர்ந்த கை அப்படியே போய்த் தலையைச் சொறியும். நாங்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் வெளியே ஓடுவோம். முதலில் அது விளையாட்டு மாதிரி இருந்தது. போகப்போக அப்பாவே கோபம் வரும்போது அக்கா எங்கே என்று பார்க்க ஆரம்பித்தார். கள்ளச்சாராயம் குடிக்கப் போவதும் நின்றது. பல வருஷத்துக்குப் பிறகு அம்மா பயமில்லாமல் சிரித்ததை அந்த வருஷம்தான் பார்த்தேன். சாயங்காலத்தில் வாசலில் உட்கார்ந்து அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டே, "எம் புள்ள எடுத்த சீட்டு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். எனக்குத் தலைகால் புரியாது.

கார்த்திகையில் பண்ணையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினார்கள். செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் குவியல் மேலேயே சாய்ந்தாள். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். விளக்கெண்ணெய் தடவினாள். மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் வீறிட்டாள். உபதேசியார் வந்து பார்த்தார். "இது நம்ம வைத்தியத்துக்கு அடங்காது. திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ஜல்தியா" என்றார்.

அவளால் உட்கார முடியாது. தூக்கிக்கொண்டு போனால் அலறுகிறாள். பண்ணை வண்டி ஒன்றுதான் வழி. அப்பா போய்க் கேட்டார். பண்ணைக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. காய் நனைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. மேற்கே மேகம் கட்டியிருந்தது. "நாளைக்கு மூட்ட திண்டிவனம் மண்டிக்குப் போவுதில்ல, அதும்மேல படுக்க வெச்சிக்கினு போ. மூட்டைய எறக்கிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வுடு" என்று சொல்லியிருக்கிறார். அப்பா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

"இன்னிக்கே வோணும்னு கேக்கறதுதான?" என்றாள் அம்மா.

"கேட்டா அவருக்குக் கோவம் வரும். அப்புறம் எனக்கும் வரும்" என்றார் அப்பா.

முன்பெல்லாம் அவர் கேட்டிருக்கவே மாட்டார். மாட்டை அவிழ்த்துப் பூட்டிக்கொண்டு போயிருப்பார். திரும்பி வந்து அடி வாங்கியிருப்பார், அல்லது கொடுத்திருப்பார்.

மறுநாள் விடிந்ததும் மூட்டைகளின் மேல் வைக்கோலைப் பரப்பி அக்காவைப் படுக்க வைத்தார்கள். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் தனியாக விட ஆள் இல்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் அதுவரை திண்டிவனம் பார்த்ததில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது: அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு நான் அதற்கு முன் போனதே இல்லை. தார் ரோட்டில் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. வழியில் ஒரு ரயில் போவதைக்கூடப் பார்த்தேன். "அக்கா, ரயிலுக்கா!" என்று கத்தினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

மண்டி வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மழைக்குப் பயந்து எல்லா ஊரும் ஒரே நாளில் காயைக் கொண்டுவந்திருந்தது. உள்ளே எடை போட்டு இறக்கினால்தான் அடுத்த வண்டி நகரும். கணக்கப்பிள்ளை எங்களுக்கு முன்னமே சைக்கிளில் வந்து காத்திருந்தார். அப்பா இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. அம்மா முந்தானையை விரித்து அக்காவின் முகத்துக்கு நிழல் பிடித்தாள்.

முன்னால் நின்ற வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்டாச்சிபுரம் பக்கத்து ஆள். "யோவ், இன்னாய்யா, புள்ளையப் போட்டுக்கினு வெயில்ல நிக்கற? மொதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓட்டு. எடம் போனா போவுது, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"மூட்டைய எறக்கிட்டுப் போவச் சொல்லிக்கீறாரு ஆண்ட" என்றார் அப்பா.

"நீயும் ஆம்பளன்னு மீச வெச்சிக்கினு கீற" என்றார் அவர். அப்பா மீசையைக் கடித்துக்கொண்டார்.

கணக்கப்பிள்ளை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கடைக்குப் போய் அக்காவுக்கு ஒரு கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். அவளால் குடிக்க முடியவில்லை. உதட்டில் பட்டது வழிந்தது. மீதியை நான் குடித்தேன். சிவப்பாக, மூக்கில் ஏறுகிற மாதிரி இருந்தது. அந்த மாதிரி ஒன்றை நான் அதுவரை குடித்ததில்லை.

"வண்டியத் திருப்பு" என்றாள் அம்மா.

"கொஞ்சம் பொறு" என்றார் அப்பா.

"இவ ஒடம்பு ஒரு மாதிரி ஆவுது. திருப்புய்யா!"

அப்பா மாட்டை வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். கணக்கப்பிள்ளை ஓடிவந்து நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார். "டேய், எடத்த வுட்டுட்டா இன்னிக்கு எட ஆவாதுடா. மழ வந்து காய் நனைஞ்சா ஆண்டைக்கு யாருடா பதில் சொல்றது? பேஜாரு பண்ணாத. இதோ ஆயிடும்" என்றார். அப்பாவின் சாட்டைக் கை மேலே போனது. கண் சிவந்துவிட்டது. வரிசையில் இருந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் முகத்தை அப்படி நாங்கள் பார்த்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது.

அப்போது அக்கா பேசினாள். காலையிலிருந்து பேசாதவள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது.

"எப்பா... வார்த்த."

கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. அப்பா சாட்டையை வண்டியில் செருகிவிட்டு, மாட்டைத் திரும்பவும் வரிசைக்குள் விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையிலும் அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எங்கள் முறை வந்து வண்டி வாசலுக்குள் போனபோது அம்மா அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். மூட்டைகளை இறக்குவதற்காக அவளைத் தூக்கிக் கீழே கிடத்தினார்கள். இந்த முறை அவள் அலறவில்லை. காலி வண்டியில் போட்டுக்கொண்டு அப்பா ஆஸ்பத்திரிக்கு மாட்டை விரட்டின விரட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வாசலிலேயே ஒரு நர்ஸம்மா வந்து நாடி பார்த்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். "எப்பலேர்ந்து இப்படி இருக்கா?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு மழை வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே அப்பா வேலைக்குப் போய்விட்டார். "இப்பத்தான் இவன் மனுசனா மாறிக்கீறான்" என்று பண்ணைக்காரர் சொன்னதாகக் காலனியில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்பாவும் சண்டை போடவில்லை. ஒருவரோடொருவர் பேசவும் இல்லை.

வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் கோயிலில் சாட்சி சொல்லுகிற வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் எழுந்து, தங்களுக்கு வந்த சொல்லை எப்படிக் காத்தார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் சபை ஸ்தோத்திரம் சொல்லும். முக்கால்வாசிப் பேர், "முடிஞ்ச மட்டும் வெச்சோமுங்க ஐயா" என்று தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் முறை வந்தபோது உபதேசியார் தயங்கினார். "நீங்க சொல்ல வேணாம், உக்காருங்க" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

அம்மா எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் அதுவரை எழுந்து சாட்சி சொன்னதில்லை.

"எங்க வூட்டுக்கு வந்த வார்த்தைய எங்க வூட்டுக்காரரு வெச்சாரு" என்றாள். "வண்டி அவரு கையில இருந்துச்சு. மாடு அவரு கையில இருந்துச்சு. ஆஸ்பத்திரி அந்தத் தெருக் கோடியில இருந்துச்சு. எம் பொண்ணு மூட்ட மேல கெடந்தா. அவரு பொறுமையா நின்னாரு. அவளே சொன்னா, அதயும் கேட்டுக்கினு நின்னாரு. ஒரு கொறையும் வெக்கல. நானு சாட்சி."

உட்கார்ந்துவிட்டாள். உபதேசியார் காணிக்கைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் அரைகுறையாகச் சொன்னதற்கெல்லாம் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னவர்கள், எங்கள் அப்பாவை அம்மா இவ்வளவு புகழ்ந்து பேசியும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களே என்று இருந்தது. நான் எழுந்து நின்று, என்னால் முடிந்த மட்டும் உரக்க, "ஸ்தோத்திரம்!" என்றேன்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போனார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

எழுதி முடித்தது, விழுப்புரம், ஜனவரி 3, வெள்ளிக்கிழமை.