வாடகை வரும் வீடு

வங்கித் தவணை போக மாதம் ஏதாவது கையில் நிற்க வேண்டும். அப்படி வாடகை வரும் ஒரு வீட்டை வாங்கிவிட்டால், வளைகுடாவில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் என் கணவர் ஊருக்கே வந்துவிடலாம். அவருக்கு முதுகு போய்விட்டது. அதற்காகத்தான் ஞாயிறுதோறும் ஸ்கூட்டியில் நாயாய் அலைந்தேன்.

வல்லத்திராக்கோட்டையில் வீடு மலிவு, குடிவர ஆளில்லை. அங்கே எல்லாருக்கும் சொந்த வீடு, அதிலும் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திருவரங்குளத்தில் யூனியன் ஆபீஸ்காரர்கள் வருவார்கள், மாற்றல் வந்தால் போய்விடுவார்கள். டவுனில் விலையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிவிட்டேன். புரோக்கர்களுக்கோ எந்த இடமும் "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கந்தான்க்கா." வெயிலில் நடந்து பார்ப்பவளுக்கல்லவா தெரியும்!

கடைசியில் கீரனூர். திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் ஊர். அங்கே ஒரு வீடு விலைக்கு வந்தது. குடியிருப்பவர்கள் பூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தார்கள், வெளியே நின்றுதான் பார்த்தேன்.

"ஆறு வருசமா ஒரே குடும்பந்தாங்க. வாடகைக்குன்னு ஒரு நாளும் பேச்சு வந்ததில்ல," என்றார் வீட்டுக்காரர்.

அந்தத் தெருவில் என்ன வாடகை போகிறது என்று கேட்டேன், சொன்னார். தவணையைக் கட்டியும் மிஞ்சியது. பஸ் ஸ்டாப்பிலிருந்தே கணவருக்குப் போன் போட்டேன்.

"கெடச்சிருச்சு. கெளம்பி வந்துருங்க."

"நல்லா விசாரிச்சியா?"

"எல்லாம் விசாரிச்சாச்சுங்க."

அவர் சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "அப்ப முதுகுத் தைலத்த இனி ஆளுககிட்டக் குடுத்து விடாத. அங்க வந்தே தேச்சுக்கிறேன்," என்றார்.

அடுத்த ஞாயிறு, முன்பணம் கொடுக்குமுன் உள்ளேயும் பார்த்துவிடலாம் என்று போனேன். குடியிருக்கும் அம்மா தண்ணீர் கொடுத்தார். மாத வாடகையை எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"வாடகையா? நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம்."

ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது. வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அதை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டாராம். நான் வாங்கினால் நான்தான் கொடுக்க வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன்? கல்யாணமான புதிதில் நாங்களே நான்கு வருடம் ஒத்தி வீட்டில் இருந்தவர்கள். தண்ணீர் வருமா, கரண்ட் நிற்குமா என்றெல்லாம் கேட்ட எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கணவரிடம் போனில் சொன்னேன்.

"வேலைய விடுறேன்னு நேத்துத்தான் எழுதிக் குடுத்தேன்," என்றார். "சரி விடு. நாளைக்குப் போயி லெட்டரத் திருப்பிக் கேக்குறேன். குடுத்துருவாங்க."

நான் அழுதேன். தப்பு என்னுடையது, அழுகையும் என்னுடையதுதானா என்று ஆத்திரமாக வந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நம்ம ஊர்க்காரர் ஒருத்தரு அடுத்த வாரம் இங்கிட்டு வாராரு," என்றார். "அவருகிட்ட அந்தத் தைலத்தக் குடுத்து விடு. ரெண்டு பாட்டிலா வாங்கு."