கசினோ குசினியில் மிஞ்சிய சாப்பாடு

மொன்ட்ரியாலில் அரசு நடத்தும் சூதாட்ட நிறுவனம் ஒன்றின் கசினோவில், சமையல் நடக்கும் குசினியில் எனக்கு வேலை. வில்லரேயில் மெற்றோ ஏறி, பிறகு பஸ் மாறிப் போவேன். எங்கே வேலை என்று சொந்தக்காரர் கேட்டால், பெரிய சாப்பாட்டுக் கடை ஒன்றில் என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன். கசினோ என்றால் எங்கள் ஆட்களுக்கு முகம் சுருங்கும். எனக்கு அங்கே நல்ல வேலை, நல்ல மனிதர்கள். ஆனாலும் சூதாட்ட மெசின்கள் இருக்கும் மண்டபத்தைக் கடந்து போகும்போது தரையைப் பார்த்துத்தான் நடப்பேன்.

நிறுவனம் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. பொறுப்பாக வந்தவர் ஒரு கியூபெக் பெண். பனிக்காலத்திலும் சைக்கிளில் வருவார். முதலில் விளக்குகளை மாற்றினார். விளையாடி முடித்த சீட்டுக்கட்டுகளை வெட்டி மறுசுழற்சிக்கு அனுப்பினார். மெசின்கள் கக்கும் சூட்டை வீணாக்காமல் நடைபாதைகளுக்குத் திருப்பினார். கடைசியாகக் குசினிக்கு வந்தார். கையுறை போட்டுக்கொண்டு எங்கள் குப்பைப் பைகளை அவிழ்த்து மேசையில் கொட்டச் சொன்னார். எங்களுக்குக் கோபம். யாருக்குத்தான் தங்கள் குப்பையை ஒருவர் கிளறினால் பிடிக்கும்? ஆனால் அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. எங்களோடு நின்று தானும் பிரித்தார். ஒருவர் வாயும் படாத கோழித்துண்டுகள், வாட்டிய மரக்கறி, பாண், பாஸ்தா எல்லாம் தனியாகக் குவிந்தன. மண்டபத்துக்கே போகாமல் குசினியிலேயே மிஞ்சியவை. அந்தக் குவியலைப் பார்த்தபின் எங்களில் எவரும் முணுமுணுக்கவில்லை.

தலைமைச் சமையற்காரர் மட்டும் பயந்தார். கொடுத்த சாப்பாட்டைத் தின்று யாராவது நோயில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அந்தப் பெண் போய், சுடுசாப்பாட்டை விரைவாகக் குளிராக்கும் அலுமாரி ஒன்றை வாங்குவித்துவிட்டு வந்தார். குசினியை விட்டு வெளியே போகாத சாப்பாடு மட்டும் குளிராகி, பெட்டியில் அடைபட்டு, அடுத்த நாள் மொன்ட்ரியால்-நோர் பகுதியில், வசதியில்லாத குடும்பங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஓர் இடத்துக்குப் போகும். காலை வேலைக்கு வருபவள் என்பதால் பெட்டி அடைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பெட்டிகள் போய்ச் சேர்ந்தபின் என்ன நடக்கிறது, எது அவர்களுக்குப் பயன்படுகிறது, எது படவில்லை என்று பார்த்துவரும்படி ஒருமுறை என்னைப் பெட்டிகள் ஏற்றும் வான் வண்டியில் அனுப்பினார்கள். தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளம் அது. ஹெயிட்டிக்காரப் பெண்மணி ஒருவர் அந்த இடத்தை நடத்தினார். உள்ளே போனதும் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவரைக் கண்டு நான் நின்றுவிட்டேன்.

அவரை எனக்குத் தெரியும். அஹுன்ட்சிக் பக்கம் தெப்பனேர் என்று இங்கே சொல்லும் சின்ன மூலைக்கடை ஒன்று வைத்திருந்தவர். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். குசினிக்கு மாறுமுன், கசினோ சாப்பாட்டு மண்டபத்தில் நான் பரிமாறிய காலத்தில் பின்னேரங்களில் வருவார். எதையாவது வாங்கி நின்றபடியே விழுங்கிவிட்டு, “வாறன் தங்கச்சி” என்று மெசினுக்குத் திரும்புவார். ஒரு கட்டத்தில் வருவது நின்றுபோனது. ரொறொன்ரோவுக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

என்னைக் கண்டு சிரித்தார். அதற்குள் சாரதி பெட்டிகளை மேசையில் அடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெட்டியின் நாலு பக்கமும் கசினோவின் சின்னம் பளிச்சென்று அச்சடிக்கப்பட்டிருந்தது. அவர் கத்தியை வைத்துவிட்டு, ஏப்ரனையும் கழற்றாமல் வெளியே போனார்.

என்னைக் கண்ட கூச்சம் என்று எண்ணிப் பின்னால் போனேன். படிக்கட்டின் ஓரத்தில், அழுக்கேறிக் கறுத்துப்போன பனிக்கட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.

“உங்களைக் கண்டு வெக்கப்படேல்லை, தங்கச்சி. அந்தப் பெட்டியிலை இருக்கிற படத்தைப் பாத்தோடனை அங்கை நிக்க ஏலேல்லை.”

பிறகு மெல்ல மெல்ல மிச்சத்தையும் சொன்னார். கடை போய்விட்டது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போய்விட்டா. ஒருநாள் தானாகவே கசினோவுக்குப் போய், இனித் தன்னை உள்ளே விடவேண்டாம் என்று பதிந்துவிட்டு வந்தாராம். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகக் கதைத்து, உதவிக்கு ஆளையும் காட்டிவிட்டார்களாம். அதிலிருந்து அந்தச் சின்னத்தோடு பஸ்ஸில் விளம்பரம் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி இருப்பாராம்.

“இஞ்சை இந்தக் கிழமைதான் வரத் தொடங்கினனான், சாப்பாட்டோட இது வருமெண்டு நான் நினைக்கேல்லை” என்றார்.

சாப்பாட்டை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லவா என்று கேட்டேன். உடனே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“சாப்பாட்டை நிப்பாட்டாதேங்கோ. பிள்ளையளோட வாற தாய்மார் இருக்கினம். நான் வேற நாளிலை வந்து வெட்டிக் குடுக்கிறன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அது உறுத்தியது. வாரத்தில் அவர் மனிதரோடு மனிதராக நிற்கும் ஒரே இடம் அது. எங்கள் பெட்டிக்காக அதில் ஒரு நாளை விட்டுக்கொடுக்கிறார். அவர் கடையை விழுங்கிய இடத்திலிருந்தே சாப்பாடு போகிறது என்ற கசப்பும் இருந்தது. ஆனால் அந்தச் சாப்பாட்டைக் குப்பையில் போட்டால் யாருடைய கடை திரும்பி வரப்போகிறது என்றும் நினைத்தேன்.

அடுத்த கூட்டத்தில், யார் என்று சொல்லாமல், பெட்டியில் சின்னம் வேண்டாம் என்று கேட்டேன். விளம்பரப் பிரிவிலிருந்து வந்தவர் தன்மையாகத்தான் பதில் சொன்னார். நல்ல காரியம் செய்கிறோம், அதைச் சனம் அறியவேண்டாமா, ஆண்டறிக்கைக்குப் படமும் வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், ஊரில் சண்டைக் காலத்தில் எங்களுக்கு வந்த நிவாரணக் கோதுமை மாச் சாக்குகளைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு சாக்கிலும் கொடுத்த நாட்டின் பெயர் பெரிதாக இருக்கும். பசியில் வாங்குவோம், ஆனால் அம்மா அந்த எழுத்துத் தெரியாதபடி சாக்கைத் திருப்பித்தான் வீட்டில் வைப்பா. இதைச் சொல்ல வேண்டுமென்று நான் யோசித்துப் போகவில்லை.

சுற்றுச்சூழல் பிரிவுப் பெண் என் பக்கம் சேர்ந்தார். அந்த மட்டைப் பெட்டிகள் ஒருமுறை பாவித்ததும் எறிபடுவது தனக்கு முதலே பிடிக்கவில்லை என்றார். மூடியுள்ள எவர்சில்வர் தட்டங்களில் அனுப்பினால் அவை கழுவப்பட்டுத் திரும்பி வரும், அவற்றில் அச்சடிக்க ஒன்றும் இல்லை என்றார். விளம்பரக்காரர் விடவில்லை, அந்தப் பெண்ணும் விடவில்லை. இழுபட்டு இழுபட்டுக் கோடை வந்தபோது தட்டங்களும் வந்தன. கழுவும் பகுதியில் இருந்தவர்கள் வேலை கூடிவிட்டது என்று முறைத்தார்கள். தலைமைச் சமையற்காரரோ மூடியில் சாப்பாட்டின் பெயரும் திகதியும் மட்டும் ஒட்டினால் போதும் என்று தானே சொன்னார்.

ஹெயிட்டிக்காரப் பெண்மணிக்கு நான் போன் எடுத்துச் சொல்ல, அவர் வெங்காயம் வெட்டும் அந்த அண்ணைக்குச் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது அண்ணை எங்கள் சாப்பாடு வரும் நாளிலேயே வந்து நின்றார். ஒரு தட்டத்தின் மூடியைத் திறந்து கோழியைப் பார்த்தார்.

“இது உப்பிடியே குடுத்தால் பிள்ளையள் தின்னாதுகள்” என்றார். மிளகாய்த்தூளும் வெங்காயமும் போட்டுப் பிரட்டி எடுத்தார். அன்று எங்களோடு வந்திருந்த சுற்றுச்சூழல் பிரிவுப் பெண் ஒரு வாய் தின்றுவிட்டு இருமி, தண்ணீர் குடித்து, இன்னொரு வாயும் எடுத்தார். திரும்பும்போது வண்டிக்குள், கோழி பிரட்டிய ஆள் யார் என்று என்னிடம் கேட்டார். ஊர் அண்ணை ஒருவர் என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துத் தலையாட்டினார், மேலே கேட்கவில்லை. விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணை இன்றுவரை கசினோப் பக்கம் போகவில்லை என்கிறார். நாளைக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. இப்போது சில நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு அவருடைய மகள் வருகிறாள். ஹெயிட்டிக்காரப் பெண்மணியோடு பிரெஞ்சில் அலட்டிக்கொண்டு, தகப்பன் வேலை முடிக்கும்வரை இருப்பாள். அவள் போகும்போது அண்ணை ஒரு டப்பாவில் கறி கொடுத்துவிடுவார். மனைவி அதைத் திருப்பி அனுப்புவதில்லையாம். அதைச் சொல்லிவிட்டு அடுத்த தட்டத்தின் மூடியைத் திறந்தார்.