மீனுக்குக் காலரா தடுத்த மைத்துனன்

மீன் வளர்ப்பவர்களே, என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். தருமபுரியில் காலரா கண்டதால் குழாய்த் தண்ணீரில் வெள்ளைத்தூள் மருந்து கலந்துகொண்டிருந்த சமயம். மதராஸிலிருந்து இரண்டு கடல்மீன்களைக் கண்ணாடி ஜாடியில், கடல்நீரோடு, ரயிலில் கொண்டுவந்திருந்தேன்; அவ்வப்போது ஊற்ற ஒரு பாட்டில் கடல்நீரும் தனியாக. ஒருநாள் நல்லம்பள்ளி போய்த் திரும்பினால் ஒன்று செத்து மிதக்கிறது, மற்றது வாயைப் பிளக்கிறது.

வீட்டுக்கு வந்திருந்த மைத்துனன் சொன்னான்: "பழைய தண்ணியக் கொட்டிட்டு, மருந்துத் தண்ணியில கல்லுப்புக் கரைச்சு ஊத்துனனுங்க மாமா. மீனுக்கும் காலரா வரக்கூடாதில்லீங்களா?"

"உன்னைய அதுக்குள்ள அமுக்குனாத் தெரியுமுடா!" என்று கத்திக்கொண்டே, பாட்டிலில் மிச்சமிருந்த கடல்நீரில் மற்றதை விட்டேன். பிழைத்தது.

இப்போது குழாய்த் தண்ணீரை அகன்ற அண்டாவில் ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்து, மருந்து வாடை போனதை மோந்து பார்த்த பிறகே உப்புக் கரைக்கிறேன். மைத்துனன் வந்தால் ஜாடி இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.