திமிலில் தேய்த்த அரப்பு

காளை மாட்டுக்கும் எனக்கும் ஒரே குளியல் பொடி போதும் என்று முடிவு செய்த புத்திசாலி நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் யார் வாயிலிருந்தாவது நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம். நாட்டை வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். கோச்சடையில் எங்கள் வீட்டை அம்மா ஆண்டாள். இரண்டில் எது கெடுபிடி அதிகம் என்று கேட்டால் அப்பா யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார்.

எனக்கு முழங்கால் இரண்டும் யானைத் தோல் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் பிரம்பு நுனியால் அதைத் தொட்டுப் பார்த்து, "என்னடா, காலை அடுப்புல வெச்சுட்டு வந்தியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் என் ஆராய்ச்சி.

முறை எளிமையானது. இடது முழங்காலுக்கு ஒரு பொடி, வலது முழங்காலுக்கு வேறு பொடி. வைகையில் இறங்கித் தேய்த்துவிட்டு, கரையில் உட்கார்ந்து எந்தக் கால் தேறியிருக்கிறது என்று பார்ப்பேன்.

எங்கள் வீட்டுப் பொடி பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் சேர்ந்தது. அம்மா அதை இடித்துச் சலித்து, நைசாக விழுந்ததை முகத்துக்கு என்று தனியாக வைப்பாள். சல்லடையில் தங்கும் திப்பி முதுகுக்கும் குதிகாலுக்கும். என்னைப் பொறுத்தவரை அவள் எப்போதும் திப்பியைத்தான் எடுத்தாள், முகத்துக்கும் சேர்த்து. என்னோடு படித்த ஒரு நெசவுக்காரர் மகன் வீட்டில் கடலை மாவும் காய்ந்த கிச்சிலிப்பழத் தோலும் அரைத்து வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் அவர்களுக்கு வேறு பாஷை. அவன் அம்மா என் முழங்காலைப் பார்த்து அந்தப் பாஷையில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் கை நிறையப் பொடி கிடைத்தது. தெருக்கோடியில் குமாஸ்தா வீட்டில் சோப்பு இருந்தது. அதை மோந்து பார்க்க மட்டும் அனுமதி. பீர்க்கங்கூட்டைப் போட்டும் தேய்த்திருக்கிறேன். ஒருமுறை பாத்திரம் விளக்க வைத்திருந்த செங்கல் தூளையும் போட்டுப் பார்த்தேன். அழுக்கு போனது உண்மைதான். கூடவே தோலும் போனது.

ஆராய்ச்சியில் ஒரே ஒரு குறை. பொடிகள் நிறைய, முழங்கால் இரண்டுதான்.

இந்த நிலையில்தான் பொங்கலுக்கு அவனியாபுரத்தில் மாமா வீட்டுக்குப் போனோம்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அவரை வளர்த்து ஆளாக்கியது அம்மாதான். ஆளானவர் ஒரு காளையை வளர்த்தார். செவலை என்று பெயர். சோறு இல்லாமல் மாமா இருந்துவிடுவார், பருத்திக்கொட்டை இல்லாமல் செவலை இருக்கக் கூடாது. வாடிவாசலில் அது இறங்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதன் திமிலைப் பிடித்து அணைந்து நின்றவன் எவனும் கிடையாது. கை வைப்பார்கள், வழுக்கிக்கொண்டு புழுதியில் கிடப்பார்கள். தெருவில் நடக்கும்போது மாமாவின் கழுத்து கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தே இருக்கும்.

அவருக்குத் திருவாதவூரில் ஒரு பெண் பார்த்திருந்தாள் அம்மா. மாமா போய்ப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெண்ணின் அப்பா நேரிலேயே வந்து கேட்டபோது மாமா சொன்னார்: "செவலைய எவனாச்சும் அணையட்டும். அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம். அதுவரைக்கும் என்னைய விட்ருங்க." வேறு யாராக இருந்தாலும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். பெண்ணின் அப்பாவும் மாடு வளர்க்கிறவர். இதைவிட நியாயமான பேச்சு உண்டா என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார். அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

தை வந்தது, செவலை ஜெயித்தது. மறு தை வந்தது, மறுபடியும் செவலை ஜெயித்தது. ஊரே மாமாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்போது அம்மா மட்டும் முந்தானையால் மூக்கைச் சிந்துவாள். ஆனந்தக் கண்ணீர் என்று நான் நினைத்துக்கொள்வேன். மூன்றாவது வருஷம் திருவாதவூரிலிருந்து கடைசியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்ணுக்கு வேறு இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறது, இந்தத் தையோடு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று.

பொங்கலுக்கு முதல் நாள் காலை, வெல்லம் வாங்கி வரச் சொல்லி மாமாவை டவுனுக்கு அனுப்பினாள் அம்மா. வெல்லம் பானை நிறைய இருந்தது. நான் அதில் ஒரு கட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் நின்றேன். அப்படியும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போகும்போது மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, செவலையக் குளிப்பாட்டி வையி. வைக்கோலப் பிரியாச் சுருட்டித் தேய்ச்சாப் போதும். திமில்ல மட்டும் கை வைக்காத."

"ஏன் மாமா?"

"அங்கன மருந்து போட்ருக்கேன்."

மருந்து என்பது வேப்பெண்ணெய். ஈ கடிக்காமல் இருக்க மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் திமிலில் தடவி ஊற வைப்பார். மற்ற இடங்களில் கடிக்கும் ஈயைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வேற்று ஆள் வந்தால் குத்தித் தூக்கும் செவலை, வீட்டுப் பிள்ளைகளிடம் ஆட்டுக்குட்டி மாதிரி நிற்கும். கிணற்றடியில் அதைக் கட்டிவிட்டுச் சுற்றி வந்து பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றது மாடு அல்ல, மாபெரும் முழங்கால். அம்புட்டுத் தோல். இதை வைத்துக்கொண்டு வைக்கோலால் தேய்ப்பதாவது. ஊரிலிருந்து மடியில் முடிந்து கொண்டுவந்திருந்த பொடிப் பொட்டலங்களைப் பிரித்தேன்.

இடது விலாவில் எங்கள் வீட்டுப் பயற்றம்பொடி. வலது விலாவில் நெசவுக்காரர் வீட்டுக் கடலை மாவு. தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு, ஊறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். செவலை கழுத்தைத் திருப்பி இடது பக்கத்தை ஒரு நக்கு நக்கியது. கொஞ்சம் யோசித்தது. வலது பக்கத்தையும் நக்கிப் பார்த்தது. பிறகு இடதுபுறமே திரும்பி நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தது. அம்மாவின் பொடிக்கு அப்படி ஒரு நற்சாட்சி அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அப்போதுதான் அம்மா ஒரு பானையோடு வந்தாள். என் ஆராய்ச்சியை அதுவரை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை.

"கூறுகெட்டவனே, அது திங்கிற சாமான்டா. இந்தா, இதப் போடு."

பானையில் பச்சையாக, கூழ் மாதிரி இருந்தது. உசிலை இலையைக் காயவைத்து இடித்த அரப்பைச் சோற்றுக் கஞ்சியில் கரைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரும் ஊற்றியிருந்தாள். ஒரு மாட்டுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நம் வேலையின் மதிப்பு இப்போதுதான் பெற்ற தாய்க்கே புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பயறு வேர்வைய எடுக்கும். கடல மாவு மேலுக்கு மினுக்கும், அம்புட்டுத்தான். எண்ணெப் பிசுக்குப் போகணும்னா அரப்புதான்" என்றாள் அம்மா.

"செவலைக்கு எண்ணெப் பிசுக்கு எங்க இருக்கு?"

"திமில்ல."

"மாமா அங்க கை வைக்காதன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"மாமாங்கிறது யாரு?"

"ஒன் தம்பி."

"அவனுக்கு மூக்கு ஒழுகுனா முந்தானையில தொடச்சு விட்டவ நானு. தேய்டா."

தேய்த்தேன். முதல் தேய்ப்பில் அரப்பு நுரைக்கவே இல்லை, பழுப்பாக எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஒழுகியது. "இன்னொருக்கா" என்றாள். இரண்டாவது தேய்ப்பில் நுரை லேசாகக் கட்டியது. "இன்னொருக்கா." மூன்றாவதில் திமில் முழுக்க வெள்ளை நுரை பொங்கி நின்றது. செவலைக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு என் தோளில் தாடையை வைத்து நின்றது. அதன் மூச்சுச் சூட்டில் என் காது வேர்த்தது. கழுவி முடித்ததும் அம்மா ஒரு படி தவிட்டைக் கொடுத்தாள். அதைப் போட்டு ஈரம் போகத் தேய்த்தபோது, திமில் புதுத் துணிபோல மொரமொரவென்று ஆகிவிட்டது. நான் என் பங்குக்குப் பூலாங்கிழங்குப் பொடியைத் தூவினேன். அது என் சொந்தக் கற்பனை.

மத்தியானம் மாமா வெல்லத்தோடு வந்தார். செவலையின் நெற்றியைத் தடவி, கழுத்தைத் தடவி, திமிலுக்கு வந்த கை நின்றுவிட்டது. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். மோந்தார்.

"மாப்ள, என்னத்தப் போட்டுத் தேய்ச்ச?"

நான் பயறிலிருந்து தவிடு வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"திமில்லயுமா?"

"அங்கனதான் மாமா அழுக்கு அம்புட்டும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "புள்ள ஆசையாத் தேய்ச்சிருக்கான். வஞ்சு கிஞ்சு வைக்காத" என்றாள்.

மாமா வையவில்லை. வீட்டுக்குள் போய் மாடத்திலிருந்த வேப்பெண்ணெய்ச் சீசாவை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அப்படியே திரும்ப வைத்துவிட்டார். பாவம், எண்ணெய் தீர்ந்துபோயிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே சீசாவிலிருந்து என் கால் சிரங்குக்கு அம்மா தாராளமாக ஊற்றினாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா முகம் மழித்து, கரை வேட்டி கட்டி, தலைக்கு வழிய வழிய எண்ணெய் தடவிக்கொண்டு புறப்பட்டார். மாட்டுக்குத் தடவாத எண்ணெயைத் தன் தலையில் தடவித் தீர்த்துக்கொள்கிறார்போல என்று இருந்தது.

நான் ஒரு பாரவண்டியின் மேல் ஏறி நின்று பார்த்தேன். செவலை வாடிவாசலிலிருந்து வந்ததை ஓட்டம் என்று சொல்ல முடியாது, எறிந்த மாதிரி வந்தது. இரண்டு பேர் பாய்ந்து உருண்டார்கள். மூன்றாவதாக ஒல்லியாக ஒரு பையன் குறுக்கே விழுந்து திமிலைக் கட்டிக்கொண்டான். இதோ வழுக்கப்போகிறான் என்று எல்லோரும் சிரிக்கத் தயாரானோம். அவன் வழுக்கவில்லை. செவலை சுழன்றது, துள்ளியது, தலையை உதறியது. பையன் மரத்தில் ஒட்டிய பிசின் மாதிரி இருந்தான். எல்லைவரை போய்க் கொம்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டுதான் இறங்கினான். கூட்டம் போட்ட சத்தம் வைகைக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பையன் மூச்சு வாங்க மாமாவிடம் வந்தான். "அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. ஒங்க மாடு கல்யாணப் பொண்ணாட்டம் மணக்குது. விட மனசே வரல."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா மட்டும் செவலையைத் தேடிப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கூட்டத்திலிருந்து திருவாதவூர்க்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, இழவு வீட்டில் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில், "என்னப்பா செய்வோம்?" என்று கேட்டார். "சொன்னது சொன்னதுதேன்" என்றார் மாமா. அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஆராய்ச்சியை அன்றோடு விட்டேன். முழங்கால் அப்படியே இருக்கிறது.

அந்தத் தை முடிவதற்குள் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். செவலை ஏருக்குப் போகவில்லை, விற்கப்படவுமில்லை. அத்தை கையால் பருத்திக்கொட்டை தின்று கொழுத்தது.

அம்மாவின் சூழ்ச்சி எனக்குப் புரிவதற்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் மாமாமேல் எனக்குப் பெரிய பரிதாபம். எப்பேர்ப்பட்ட மனுஷன், எப்பேர்ப்பட்ட காளை. ஒரு பானை அரப்பை வைத்துக் கூடப்பிறந்தவளே கவிழ்த்துவிட்டாளே, அதற்கு என் கையே கருவியாகிவிட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவருக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே ஒருமுறை அவனியாபுரம் போனேன். அத்தை காபி கொடுத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் விளக்கினேன். வெல்லம் பானை நிறைய இருந்தது முதல் சீசாவில் எண்ணெய் இருந்தது வரை. "தெரிஞ்சிருந்தா நீங்க மறுபடி எண்ணெயத் தடவியிருப்பீங்கள்ல மாமா?" என்று முடித்தேன்.

மாமா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"மார்கழியிலயே நான் திருவாதவூர் போயி ஒங்க அத்தையப் பாத்துட்டு வந்துட்டேன் மாப்ள."