இரண்டு நோட்டிலும் ஒரே தப்பு

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. கேஸை அடைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிற ஆள் நான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, விளாங்குடி நிற்குமா என்று கண்டக்டரிடம் ஒருமுறையும் பக்கத்து சீட்டில் ஒருமுறையும் கேட்காமல் உட்கார மாட்டேன். வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்றே பெயர். அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொண்டதில்லை. நான் பார்த்த வேலைக்கு அந்தக் குணம் ரொம்பத் தேவையாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் சூப்பர்கிராவிட்டியில் ஆராய்ச்சி செய்தேன். பெயரைக் கேட்டதும் மளிகைக் கடைக்காரர், “ராக்கெட் விடுறதாம்மா?” என்றார். ராக்கெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. முழுக்கக் காகிதக் கணக்கு. உலகில் உள்ள துகள்களில் இரண்டு வகை உண்டு. பொருளை ஆக்குபவை ஒன்று, விசையைச் சுமப்பவை மற்றொன்று. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் இயற்கையின் விதி மாறாது என்று சொல்வதுதான் சூப்பர் சிமெட்ரி. அதனோடு ஈர்ப்பு விசையையும் சேர்த்துக்கொண்டால் அது சூப்பர்கிராவிட்டி. இது உண்மை என்றால் நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி இருந்தாக வேண்டும். வெளிநாட்டில் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி, துகள்களை வருடக்கணக்கில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். இன்றுவரை ஒரு ஜோடிகூட அகப்படவில்லை.

“இல்லாததைப் படிக்க ஆறு வருசமா?” என்று அம்மா கேட்பார். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் கணக்கு அத்தனை அழகாக இருந்தது. ஒரு நீண்ட கணிதக் கோவையை எடுத்துக்கொண்டு, அதில் பொருளையும் விசையையும் இடம் மாற்றுவோம். நூற்றுக்கணக்கான உறுப்புகள் கிளம்பி வரும். அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் பூஜ்யம் மிஞ்ச வேண்டும். ஒரே ஒரு உறுப்பு மிச்சம் நின்றாலும் போச்சு, கோட்பாடே தப்பு. எல்லாம் கூட்டல் குறியிலும் கழித்தல் குறியிலும் தொங்கிக்கொண்டிருக்கும் விவகாரம். நூறு பக்கக் கணக்கில் ஒரு குறி புரண்டால் கண்டுபிடிப்பது லேசில்லை.

அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். நடுவில் நோட்டைக் காட்டக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட வேண்டும். முடித்த பிறகு இருவரும் சார் முன்னால் உட்கார்ந்து கடைசி வரியை மட்டும் ஒரே நேரத்தில் திறந்து காட்டுவோம். சார் என்பது எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர்.

என்னோடு சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டவள் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவள் வீடு கப்பலூரில். அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பிறகு அப்பாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. அவள் தெப்பக்குளம் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தாள். எங்கள் வீடு வேறு மாதிரி. மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். அவளுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்த ஆசிரியையே என் பெரியம்மாவிடம் படித்தவர்தான் என்று ஒருநாள் தெரிந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை இருவரும் கடைசி வரியைத் திறந்தோம். கழித்தல் முப்பத்திரண்டில் மூன்று. அவளுக்கும் அதே. சார் மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டு, எல்லாருக்கும் வடை வாங்கி வரச் சொன்னார். அவளுக்கு அது வெறும் விடை இல்லை. வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். சார் எழுதும் பரிந்துரைக் கடிதம் திங்கட்கிழமை மாலைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். இந்தக் கணக்கைச் சுயமாகப் போட்டாள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் உயிர். கிடைக்காவிட்டால், அவள் அப்பா தன் கம்பெனியிலேயே ஆபீஸ் வேலை ஒன்று சொல்லி வைத்திருந்தார்.

“லெட்டர் போயிருச்சுன்னா போதும்க்கா, அம்புட்டுத்தான். அப்புறம் நான் பாத்துக்கிருவேன்” என்றாள் வடையைப் பிய்த்துக்கொண்டே.

விடை பொருந்தியது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பொருந்துமா என்று அரித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து ஒரு சோதனை போட்டேன். எங்கள் கணக்கு ஐந்து பரிமாணத்தில் நடப்பது. அதில் ஒரு பரிமாணத்தைப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்துவிட்டால், நாலு பரிமாணத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பழைய விடை வர வேண்டும். வரவில்லை. இரண்டு மணி நேரம் பின்னோக்கித் தேடியதில், அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு குறி புரண்டிருந்தது தெரிந்தது. துகள்களின் வரிசையை மாற்றியடுக்குகிற இடம் அது. அங்கே கழித்தல் வந்திருக்க வேண்டும். நான் கூட்டல் போட்டிருந்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. நான் தப்புப் போட்டிருக்கிறேன். சரி. அவளுக்கு எப்படி அதே விடை வந்தது?

அம்மா பொதுத்தேர்வுப் பேப்பர் திருத்தப் பல வருடம் முகாமுக்குப் போனவர். அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. “சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணுதான். தப்பு அவங்கவங்க சொந்தச் சொத்து. ரெண்டு பேப்பர்ல ஒரே தப்பு இருந்தா, ஒருத்தி இன்னொருத்தியைப் பாத்து எழுதியிருக்கான்னு அர்த்தம்.” எங்கள் வீட்டில் இது பைபிள் வசனத்துக்கு அடுத்தபடி.

அப்புறம் என்ன, எல்லாமே சாட்சியாக மாறிவிட்டது. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் நோட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அறையில் அவள் மட்டும் இருந்தாள். “எம்புட்டுப் பக்கம் ஆச்சுக்கா?” என்று ஒருமுறை கேட்டாள், ஏன் கேட்டாள்? கடைசி வாரத்தில் திடீரென்று வேகமாக முடித்தாள், எப்படி முடித்தாள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்று பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது. வாட்ஸப்பில் ஒரு தூண்டில் போட்டேன். “மாத்தியடுக்குற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு.” உடனே பதில் வந்தது. “நோட்டு டிபார்ட்மென்ட்ல இருக்குக்கா. ஞாயித்துக்கிழம தெப்பக்குளத்துக்குக் கொண்டு வாரேன்.” ஞாயிறு வரை எதற்கு? பக்கங்களை மாற்றி எழுதவா?

மத்தியானம் சாருக்குப் போன் செய்தேன்.

“சார், அந்த லெட்டரை ரெண்டு நாள் நிறுத்தி வைக்க முடியுமா?”

“ஏம்மா?”

“கணக்குல ஒரு தப்பு இருக்கு சார். என் தப்பு. ஆனா அதே தப்பு அவ கணக்குலயும் இருக்கு.”

நான் காப்பி என்ற வார்த்தையையே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. “ம்ம். நான் நினைச்சேன்” என்றார் சார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அவளுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா, விடுதியில் தண்ணீர் வருகிறதா என்று எதையோ கேட்டு வைத்தேன். அவள் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பைக்கூட நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்தில் சந்தித்தோம். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவள் எனக்கு முன்பே வந்து, சுவரோரம் மூன்று நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். என் நோட்டும் என் பையில் இருந்தது. தப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. மாட்டிக்கொண்டவள் முகம் என்று அப்போதும் நினைத்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

அவள் நோட்டைப் புரட்டப் புரட்ட எனக்குப் புரிந்தது. அது என் வழியே இல்லை. நான் முதல் மாதமே தள்ளிவிட்ட உறுப்புகளை அவள் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தாள். நான் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் முடித்ததை அவள் இருநூறு பக்கம் சுற்றி வந்து முடித்திருந்தாள். அடித்தல், திருத்தல், ஓரத்தில் பஸ் நேரம், காப்பித் தண்ணீர் கறை. அவள் எனக்கு முன்பே தொடங்கியிருக்கிறாள் என்பதையும் தேதிகள் காட்டின. பார்த்து எழுதியவள் இப்படி எழுதவே முடியாது.

“இந்த எடத்துலதான்க்கா மாத்தியடுக்குனேன்” என்று ஒரு வரியைக் காட்டினாள். “வாய்பாட்டை இதுல இருந்து எடுத்தேன்.”

நோட்டின் பின்னட்டையில் நாலு பக்க ஜெராக்ஸ் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. அவள் சேர்ந்த புதிதில் நான் கொடுத்த வாய்பாட்டு அட்டவணை. எங்கள் துறையில் காலத்துக்குக் கூட்டல் குறி போடுகிறவர்கள் ஒரு கட்சி, கழித்தல் போடுகிறவர்கள் இன்னொரு கட்சி. ஒரு கட்சியின் புத்தகத்திலிருந்து எடுத்து மறு கட்சியின் கணக்கில் வைத்தால் சில வரிகளில் குறியை மாற்ற வேண்டும். நான் எல்லா வரியையும் மாற்றிவிட்டு ஏழாவது வரியை மட்டும் விட்டிருந்தேன். என் அறுபத்தோராம் பக்கத்தில் நான் எடுத்து வைத்ததும் அதே வரிதான். மேலே பெரிதாக ‘சரிபார்த்தது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

“மத்ததெல்லாம் நானே போட்டுப் பாத்தேன்க்கா. இது நீங்க குடுத்ததுன்னு விட்டுட்டேன்” என்றாள். என் தப்பைத் தன் தப்பாக்கி வருத்தப்பட்டாள்.

மூடி மறைத்திருக்கலாம். சாருக்கு ரகசியமாக ஒரு போன் போட்டால் முடிந்தது விஷயம். ஆனால் அவள் வருத்தப்படுவதைப் பார்க்க முடியவில்லை. கடிதத்தை நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்றும், ஏன் சொன்னேன் என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் நோட்டை மூடினாள். “எப்பக்கா சொன்னீங்க?”

“வெள்ளிக்கிழமை மத்தியானம்.”

“வெள்ளிக்கிழமை சாயந்தரம் போன் பண்ணி, சாப்ட்டியான்னு கேட்டீங்களே.”

“ஆமா.”

அவள் முன்னாலேயே சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தப்பு என் அட்டவணையிலிருந்து வந்தது, அவள் தனியாகத்தான் போட்டிருக்கிறாள், நோட்டைப் பார்த்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். “அப்படியா, நல்லதாப் போச்சு. நீ சொன்னா சரிதான்மா. இப்பவே அனுப்பிடறேன்” என்றார் சார். அவ்வளவு லேசாக முடிந்தது. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் கடிதம் போய்விட்டதாக அவளுக்குச் செய்தி வந்தது. அவள் அதைப் படித்துவிட்டுச் செல்லைப் பைக்குள் போட்டாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“ரெண்டு நோட்டுலயும் ஒரே தப்பு. சரி. நான்தான் உங்களைப் பாத்து எழுதினேன்னு எப்படித் தெரிஞ்சது? நீங்க என்னுதைப் பாத்து எழுதியிருக்கலாம்னு சாருக்குத் தோணலையா?”

பொருளையும் விசையையும் இடம் மாற்றி மாற்றி ஆறு வருடம் கணக்குப் போட்டவள் நான். எங்கள் இருவரையும் ஒருமுறைகூட இடம் மாற்றிப் பார்க்கவில்லை. கேஸ் அடுப்பிலிருந்து கண்டக்டர் வரை சந்தேகப்பட்டவளுக்கு அந்த ஒரு சந்தேகம் மட்டும் வரவே இல்லை. ஜூனியர் என்பதால் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். எழுதவே கூசுகிறது. கப்பலூர் வீட்டிலிருந்து வந்தவள் பார்த்து எழுதுவாள், வாத்தியார் வீட்டுப் பெண் எழுத மாட்டாள். சாரும் நானும் பேசி வைத்துக்கொள்ளாமலேயே இந்த ஒரு விடையில் ஒத்துப்போயிருந்தோம்.

“தோணலை” என்றேன். “அவருக்கும் தோணலை, எனக்கும் தோணலை.”

“எனக்கும் தோணலைக்கா இம்புட்டு நாளா. இப்பத்தான் தோணுது.”

கோபமாகச் சொல்லவில்லை. கையை நீட்டினாள்.

“உங்க நோட்டைக் குடுங்க.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் காட்ட வந்த அறுபத்தோராம் பக்கத்துக்கு அவள் போகவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து, தன் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.