அடைக்கோழிக்கு அடியில் மூன்று தட்டுகள்

பெருமாள்மலைக்கு எப்படிப் போவது என்று நான்கு பேர் கேட்டு எழுதிவிட்டீர்கள். இப்போதைய பஸ் நேரமெல்லாம் எனக்குத் தெரியாது. அறுபதுகளின் கடைசியில், ஒரு மார்ச் மாதம் போய்வந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் மதுரையில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். அதற்கு முந்தைய வருடம், பெருமாள்மலையில் பால் வியாபாரம் செய்த சாகுல் பாயிடம் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த மஞ்சள் பொடி டப்பா ஒன்றைக் கொடுத்து, தினம் ஒரு சிட்டிகை தவிட்டில் போட்டால் கன்றுகள் நன்றாக வளரும் என்று சொன்னவன் நான்தான். வளரவும் செய்தன. ஆனால் புதிதாகப் பிறந்த இரண்டு கன்றுகள் கழிச்சலில் செத்துவிட்டன, மூன்றாவதும் படுத்துவிட்டது, பொடி கொடுத்தும் கேட்கவில்லை என்று கடிதம் வந்திருந்தது.

வத்தலக்குண்டில் காலை ஆறேகாலுக்கு பஸ். இருபத்தேழு மைல், ஒன்றேமுக்கால் ரூபாய். எட்டு ஐம்பதுக்கு இறங்கினேன். மடியில் கண்ணாடித் தட்டுகள் அடுக்கிய பெட்டியோடு அந்த வளைவுகளில் போவது வேண்டாத வேலை. கிருமி வளர்வதற்கான கூழ் ஊற்றிய தட்டுகள் அவை. சாணத்தைக் கரைத்து மேலே தடவி, நடுவில் அதே மருந்தில் நனைத்த காகிதப் பொட்டை வைக்க வேண்டும். மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால் பொட்டைச் சுற்றி வளராது. அங்கே ஒரு வட்டம் பளிச்சென்று தெரியும்.

படுத்திருந்த கன்றிடம் முதலில் எடுத்தேன். அடுத்து, பொடி தின்று வளர்ந்து துள்ளிக்கொண்டிருந்த ஒரு வயதுக் கிடாரியிடம் போனேன்.

"சீக்காக் கெடக்குறத விட்டுட்டு நல்லா இருக்குறதுக்கிட்ட என்னத்தங்க எடுக்கீங்க?" என்றார் பாய்.

ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். மூன்றாவது தட்டுக்கு, மருந்தையே பார்த்திராத மலைமாடு தேடி, பெத்துப்பாறைப் பக்கம் இரண்டு மைல் நடந்தேன். திரும்பினால், கீழே பாறை விழுந்து பஸ் பாதை அடைபட்டிருந்தது; அன்று ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப வழியில்லை. தட்டுகளுக்கு உடம்புச் சூடு வேண்டும், பெருமாள்மலையிலோ பல் கிட்டுகிறது. பாயின் மனைவி பாத்திமா அக்காதான் வழி சொன்னார்.

"எங்க அடைக்கோழி உக்காந்தேதான் இருக்கு. முட்டைக்குக் குடுக்குற சூட்ட இதுக்குக் குடுக்காதாங்க?"

துணியில் சுற்றிக் கோழிக்கு அடியில் வைத்தோம். இரண்டு கொத்து வாங்கினேன், அவ்வளவுதான். கன்றுக்குப் பொடியை நிறுத்தி, உப்பும் வெல்லமும் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அக்கா விடாமல் புகட்டினார்.

மறுநாள் பத்து மணிக்குத் தட்டுகளை வெயிலில் பிடித்தோம். மலைமாட்டின் தட்டில் வட்டம் சுத்தமாக இருந்தது. படுத்த கன்றின் தட்டில் வட்டமே இல்லை. துள்ளிய கிடாரியின் தட்டிலும் இல்லை. பொட்டின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து, மருந்தை ஒட்டியே நின்றது. இத்தனை அழகான ஒரு பிராணியின் வயிற்றுக்குள் இப்படி ஒரு கூட்டமா? குடல் கிருமிகள் மருந்தைத் தாங்கும் வித்தையை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் என்று எங்கள் ஆய்வுக்கூட டாக்டர் சொன்னபோது நான் சிரித்திருந்தேன். அன்று சிரிப்பு வரவில்லை. பயமாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

தினம் பொடி தின்றதில் அதற்கு அடங்காத கிருமிகள் மட்டும் தங்கிவிட்டன, வளர்ந்த கன்றை ஒன்றும் செய்யாமல் சாணத்தில் இறங்கிப் பச்சைக் கன்றுக்குப் போயிருக்கின்றன என்று விளக்கினேன்.

பாய் பொடி டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்த ரெண்டையும் நான்தான் கொன்னேனா தம்பி?" என்றார்.

"போடச் சொன்னது நான் பாய்."

போகிறவர்களுக்கு: மார்ச்சிலும் கம்பளி வேண்டும். பெத்துப்பாறை நடையை வெள்ளனே முடித்துவிடுங்கள். வழியில் யார் கொடுத்தாலும் காய்ச்சாத பாலைக் குடிக்காதீர்கள். கன்றைக் கொஞ்சிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் சரி.

நான் ஊர் திரும்பிய ஆறாம் நாள் பாயிடமிருந்து கார்டு வந்தது. கன்று எழுந்து தாயிடம் குடிக்கிறதாம். ஆய்வுக்கூடமே கூடிப் படித்துச் சந்தோஷப்பட்டது. கடைசி வரியை நான்தான் வாசித்தேன்: "மிச்சப் பொடி பூராவையும் எருக்குழியில் கொட்டி மூடிவிட்டேன். வர்ற வாரம் அந்த எரு காய்கறித் தோட்டத்துக்குப் போகிறது."

எரு கிளம்புவதற்குள் தடுக்க, மறுநாள் ஆறேகால் பஸ்ஸில் மறுபடியும் ஏறினேன்.